அந்தக் காலத்து ரெக்கே என்று ஒன்று கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன். யாரோடு என்பதையும் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். "ரெக்கேன்னா பாப் மார்லியோட முடிஞ்சுது, டான்ஸ்ஹால்னா தொண்ணூறுகளோட முடிஞ்சுது. இப்ப வர்றதெல்லாம் ஒரே ஆபாசம், ஒரே துப்பாக்கி" என்று பெருமூச்சு விடுகிறாரே, அவரோடு. அவர் கிங்ஸ்டனில் இருக்கிறார், லண்டனில் இருக்கிறார், சனிக்கிழமை இரவு 'ரெட்ரோ ரெக்கே' போடுகிற சென்னை கஃபேயிலும் இருக்கிறார். சில சமயம் அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். தான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஒரு காலத்துக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏக்கத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் போடும் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். யூபி40 குழுவின் 'ரெட் ரெட் வைன்'. போனி எம்மின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. இன்னர் சர்க்கிளின் 'ஸ்வெட்'. எடி கிராண்டின் 'எலெக்ட்ரிக் அவென்யூ'. மார்லியின் 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்'. ஷாகியின் 'பூம்பாஸ்டிக்'. இரவு ஏறியதும் ஷான் பாலின் 'கெட் பிஸி'. சுவரில் சிவப்பு, மஞ்சள், பச்சையில் ஒரு துணி, பக்கத்தில் தென்னை மரப் படம். ரெக்கேன்னா சில். கவலையில்லாத தீவுக்காரர்கள் கவலையில்லாத நமக்காகப் பாடிவைத்துவிட்டுப் போன சமாச்சாரம்.

சரி, அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். யாருக்கும் தெரியாத அரிய இசைத்தட்டு எதையும் கொண்டுவந்து உங்களை மிரட்டப்போவதில்லை.

'எலெக்ட்ரிக் அவென்யூ' என்பது ஒரு தெருவின் பெயர். தெற்கு லண்டனில், பிரிக்ஸ்டனில் இருக்கிறது. மின்விளக்கு போடப்பட்ட முதல் சந்தைத் தெரு என்பதால் அந்தப் பெயர். 1981 ஏப்ரலில் அந்த வட்டாரத்தில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் பெரிய மோதல் வெடித்தது. ஒரு பக்கம் வேலை கிடையாது, இன்னொரு பக்கம் தெருவில் நடந்துபோகிறவனை நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவுகிற போலீஸ். கயானாவில் பிறந்த எடி கிராண்ட் அதற்குப் பிறகு எழுதிய பாட்டு அது. அதன் பொருள் வறுமையும் வன்முறையும்தான். அதற்கு நாம் இடுப்பை ஆட்டுகிறோம். ஆட்டலாம், தப்பே இல்லை, ஆட வேண்டும் என்றுதான் அவரும் அப்படி இசையமைத்தார். ஆடி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு "அப்பல்லாம் பாட்டு எவ்வளவு ஜாலியா இருந்துச்சுல்ல" என்று சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யூபி40 என்பது இங்கிலாந்தில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்க அந்தக் காலத்தில் பயன்படுத்திய படிவத்தின் எண். 1980இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையே அந்தப் படிவம்தான். மூன்று வருடம் கழித்து, சின்ன வயதில் தாங்கள் கேட்டு வளர்ந்த ஜமைக்காப் பாட்டுகளைத் திரும்பப் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் வந்ததுதான் 'ரெட் ரெட் வைன்'. டோனி ட்ரைப் 1969இல் பாடிய ரெக்கே வடிவம்தான் அவர்களுக்குத் தெரியும். மூலப் பாட்டை எழுதியவர் அமெரிக்கரான நீல் டயமண்ட் என்பது தெரியாமல், யாரோ ஒரு ஜமைக்காக்காரர் என்று நினைத்திருந்தார்களாம். நீங்கள் இன்று எதற்காக ஏங்குகிறீர்களோ அதுவே ஒரு ஏக்கம்தான், பெயர்ப்பலகை மாறிப்போன ஏக்கம்.

அடுத்தது போனி எம். இந்த ஒரு பாட்டுக்காகவே தனிக் கட்டுரை எழுதலாம். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1970இல் மெலோடியன்ஸ் என்ற ஜமைக்காக் குழு பாடியது. பெரும்பாலான வரிகள் விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தவை. சொந்த நாட்டிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள் அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற சங்கீதம். ராஸ்தஃபாரிகளுக்கு அது பழங்காலத்துக் கதை இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி வரப்பட்ட தங்கள் முன்னோர்தான் அந்தக் கைதிகள். ஆள்கிற கும்பல், போலீஸ், வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற அரசு எல்லாம் சேர்ந்ததுதான் பாபிலோன். 1963இல், சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட முடியவில்லை, கோரல் கார்டன்ஸ் சம்பவத்தைத் தொடர்ந்து ஜமைக்கா அரசே ராஸ்தாக்களை ஊர் ஊராக வளைத்துப் பிடித்து அடித்தது, சிறையில் தள்ளியது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்க 2017 ஆயிற்று. அப்படிப்பட்டவர்களின் பாட்டில் ஹைலி செலாஸியைக் குறிக்கும் சொற்கள் இருந்தன. 1978இல் மேற்கு ஜெர்மனியில் டிஸ்கோ வடிவம் தயாரானபோது அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, எந்த தேவாலயத்திலும் இடிக்காத பொதுவான ஆண்டவரைப் போட்டார்கள். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஐம்பது வருடமாகக் கல்யாண வரவேற்பில் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

"ஏம்ப்பா, ஒரு பாட்டை நிம்மதியா ரசிக்கக்கூட விடமாட்டியா?" என்று கேட்பீர்கள். ரசியுங்கள். நான் ரசனையைப் பற்றியே பேசவில்லை. அந்தக் காலம் இனிமையாக இருந்தது என்ற அறிவிப்பைப் பற்றிப் பேசுகிறேன். பாட்டுக்குள்ளேயே அழுகைச் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்காமல் இருக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நினைவேக்கம் என்பது அந்த மெனக்கெடல்தான்.

*

ஏக்கம் கள்ளமற்றது, தானாக ஊறுவது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. ரெக்கே விஷயத்தில் அது தானாக ஊறவில்லை, தயாரிக்கப்பட்டது. எப்போது, யார் செய்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியும்.

பாப் மார்லி 1981 மே 11 அன்று இறந்தார். மூன்று வருடம் கழித்து 1984 மே மாதம் ஐலண்ட் நிறுவனம் 'லெஜண்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டது. பதினான்கு பாட்டு. அப்போது நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த டேவ் ராபின்சன் ஒளிவுமறைவில்லாமல் செய்த வேலை அது. வெள்ளைக்கார நடுத்தர வர்க்க வீடுகளுக்கு மார்லியைக் கொண்டுபோக வேண்டும், மிரட்டுகிற மார்லி வேண்டாம். அதனால் 'வார்' இல்லை. எத்தியோப்பியச் சக்கரவர்த்தி 1963இல் ஐ.நா. சபையில் இனவெறிக்கு எதிராகப் பேசிய பேச்சை அப்படியே பாட்டாக்கியது அது. 'பர்னின் அண்ட் லூட்டின்' இல்லை, 'கான்க்ரீட் ஜங்கிள்' இல்லை. ஒப்புக்கு 'கெட் அப் ஸ்டாண்ட் அப்' இருந்தது, அதையும் காதல் பாட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொகுப்பு அது. உலகத்தில் மார்லி ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் 'லெஜண்ட்' ரசிகர்கள்தான். நம்மூரில் டீ-ஷர்ட்டில் சிரிக்கிறாரே, அவர் அந்த அட்டையிலிருந்து இறங்கி வந்தவர்.

எழுபதுகளின் ஜமைக்கா அமைதியான இடமா? 1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டன் ஹோப் ரோட்டில் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். மார்லிக்கும் அவர் மனைவி ரீட்டாவுக்கும் மேலாளர் டான் டெய்லருக்கும் குண்டடி. இரண்டு நாள் கழித்து, காயத்தோடு மேடையேறிப் பாடினார். 1978 ஏப்ரலில் தேசிய அரங்கில் நடந்த சமாதானக் கச்சேரியில் பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு இழுத்து, இருவர் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். எவ்வளவு அழகான புகைப்படம்! எல்லா ஏக்கக்காரர்களும் அதைப் பகிர்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து 1980 தேர்தல் வந்தது, எண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் புகைப்படத்தோடு இந்த எண்ணைச் சேர்த்துப் பகிர்ந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எரிக் கிளாப்டன் கதை இன்னும் சுவாரசியம். 1974இல் அவர் மார்லியின் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். மார்லியின் பெயர் வெளியுலகத்துக்குப் போய்ச்சேர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் அதே கிளாப்டன் குடியேறிகளைத் துரத்த வேண்டும், ஈனாக் பவல் சொன்னதுதான் சரி என்று பேசினார். அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கம்தான் இனவெறிக்கு எதிரான ராக். ஒரு கறுப்பனின் பாட்டு வேண்டும், அந்தக் கறுப்பன் வேண்டாம். ஏக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. பாட்டு மட்டும் தனியாக வேண்டும் அவர்களுக்கு, தேங்காயை உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்துக்கொள்வதுபோல.

அதே பர்மிங்காமில், ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில், ஸ்டீவன் கபூர் என்ற பஞ்சாபிப் பையன் வளர்ந்தான். ஜமைக்காக்காரர்கள் பக்கத்து வீடு, சவுண்ட் சிஸ்டம் பக்கத்துத் தெரு. அவன்தான் அப்பாச்சி இந்தியன். 1993இல் 'பூம் ஷாக்-அ-லாக்' வந்தது. 1996இல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரஹ்மான் இசையில் 'நோ பிராப்ளம்' பாடி, பிரபுதேவாவோடு நம் திரைக்கே வந்துவிட்டார். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும். அவர் பெற்றோர் பார்த்துச் செய்துவைக்கும் கல்யாணத்தைப் பற்றியும் பாடினார், எய்ட்ஸ் பற்றியும் பாடினார். அதெல்லாம் யார் நினைவிலும் இல்லை. நினைவில் நிற்பது சட்டையும் துள்ளலும்தான். அடுத்த தலைமுறையில் லண்டன்காரியான மாதங்கி அருள்பிரகாசம், நமக்கெல்லாம் எம்.ஐ.ஏ., டான்ஸ்ஹால் தாளத்தைக் கையில் எடுத்தபோது அதை ஒரு நினைவுப்பொருளாக எடுக்கவில்லை. 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார். தாளம் கிங்ஸ்டனிலிருந்து வந்தது, செய்தி ஈழத்திலிருந்து வந்தது. டான்ஸ்ஹாலை அது என்னவாக இருக்கிறதோ அப்படியே பயன்படுத்திய நம் ஆள் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. அது என்னவாக இருக்கிறது? செய்தித்தாளாக இருக்கிறது.

*

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். ரெக்கேயில் 'ஒரிஜினல்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

நம்முடைய பழைய பாட்டுப் புத்தகங்களில், நாடகப் பாட்டானாலும் தேசியப் பாட்டானாலும், தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போட்டிருக்கும். மெட்டு பொதுச் சொத்து, சொல் மட்டும் இன்றையது. ஜமைக்காவில் அந்தப் பொதுச் சொத்துக்குப் பெயர் ரிட்டிம். பேஸும் டிரம்மும் சேர்ந்த ஒரு கட்டு. ஒருவர் பாடி முடித்ததும் பாட்டு முடிந்துவிடாது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலை நீக்கிவிட்டு வெறும் தாளக்கட்டைப் பதிவார்கள், அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர். சவுண்ட் சிஸ்டம் என்பது தெருவில் இறக்கிவைத்த ஆள் உயர ஸ்பீக்கர்கள், நம்மூர் ரேடியோ செட்டின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த வெர்ஷன் ஓடும்போது ஒருவர் மைக்கைப் பிடித்து அதன் மேல் தன் பேச்சைப் பாட்டாக ஓட்டுவார். 1970இல் யூ-ராய் அப்படிப் பேசியே ஜமைக்காப் பட்டியலின் உச்சத்துக்குப் போனார். ரேடியோ பழுதுபார்க்கிறவரான கிங் டப்பி, தன் சின்ன ஸ்டூடியோவில் அந்த வெர்ஷன்களைத் துண்டு துண்டாக்கி எதிரொலியில் மிதக்கவிட்டு 'டப்' என்று ஒரு கலையையே உண்டாக்கினார்.

ஒரே ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். 1967இல் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்துக்காக ஆல்டன் எல்லிஸ் 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ' பாடுகிறார். பிரிந்தவளை நினைத்து உருகுகிற பாட்டு. பத்து வருடம் கழித்து ஜோ கிப்ஸின் ஸ்டூடியோவில் அதே தாளக்கட்டைப் புதிதாக வாசிக்கிறார்கள். மார்சியா ஏட்கின் என்ற பெண் அதையே ஒரு பெண்ணின் பாட்டாகத் திருப்பிப் பாடுகிறார். அதே கட்டின் மேல் டிரினிட்டி என்ற டீஜே தன் மூன்று பீஸ் சூட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறார். அவருக்குப் பதிலடியாகப் பள்ளி வயது தாண்டாத இரண்டு பெண்கள், ஆல்தியாவும் டோனாவும், "உன் சூட்டு கிடக்கட்டும், எங்க ஸ்டைலைப் பாரு" என்கிற தோரணையில் 'அப்டவுன் டாப் ராங்கிங்' பாடுகிறார்கள். 1978 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம். அப்புறம் 2002இல் ஷான் பால், சாஷாவோடு சேர்ந்து 'டட்டி ராக்' ஆல்பத்தில் அதையே மறுபடி பாடுகிறார். உங்கள் தங்கை அதைத்தான் பழைய பாட்டு என்கிறாள்.

இதில் எது அந்தக் காலம்? ஆல்டன் எல்லிஸின் ரசிகனுக்கு இரண்டு வாயாடிப் பெண்கள் அந்த உருக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள். ஆல்தியா–டோனா ரசிகனுக்கு ஷான் பால் கெடுத்துவிட்டார். ஷான் பால் ரசிகனுக்கு இன்றைக்கு வருகிறவன் கெடுக்கிறான். ரெக்கே பழசை மறக்கவே மறக்காத இசை, அதனால்தான் அதற்கு ஏக்கம் தேவையில்லாமல் போனது. பழையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் மறுநாள் காலையே அதில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறவர்கள் அவர்கள்.

1985ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நோயல் டேவி என்பவரிடம் காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டு இருந்தது. அதற்குள் 'ராக்' என்று ஒரு தயார்நிலைத் தாளம். அதை அமைத்தவர் ஹிரோகோ ஒக்குடா என்ற ஜப்பானியப் பெண், இசைக்கல்லூரியில் ரெக்கே பற்றி ஆய்வு எழுதிவிட்டு காசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். டேவியும் வெய்ன் ஸ்மித்தும் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பிறந்தது. பேஸ் கிடார் வாசிப்பவர் இல்லை, டிரம் அடிப்பவர் இல்லை. உடனே எழுந்த கூச்சல் இன்றைக்கும் புத்தகங்களில் இருக்கிறது: மனுஷன் வாசிக்காதது இசையா, கம்ப்யூட்டர் ரெக்கேயைக் கொன்றுவிட்டது. அந்தக் கட்டின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. இன்றைக்கு ஏக்கக்காரர்கள் எதை "உண்மையான டான்ஸ்ஹால்" என்கிறார்கள் தெரியுமா? ஸ்லெங் டெங்கைத்தான்.

ஆபாசம் என்கிற குற்றச்சாட்டுக்கும் இதே கதிதான். மேக்ஸ் ரோமியோவின் 'வெட் ட்ரீம்' பாட்டை பி.பி.சி. தடை செய்தது, அப்படியும் 1969இல் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அதே ரோமியோதான் 1976இல் 'வார் இன்னா பாபிலோன்' என்ற மகத்தான ஆல்பத்தைத் தந்தார். எண்பதுகளில் யெல்லோமேன் பாடியதைத் தமிழில் இங்கே எழுதினால் ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். துப்பாக்கியா? டெஸ்மண்ட் டெக்கரின் '007' 1967இல் வந்தது, ரவுடிப் பையன்களைப் பற்றித்தான் பேசுகிறது. 2009இல் ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் கொச்சையான டான்ஸ்ஹால் பாட்டுகளுக்குத் தடை போட்டது, 2022இல் துப்பாக்கியையும் மோசடியையும் புகழும் பாட்டுகளுக்குத் தடை போட்டது. பாட்டு நின்றதா? தெரு அப்படியே இருக்கும்போது பாட்டு மட்டும் எப்படி நிற்கும்? வைப்ஸ் கார்ட்டெலைக் கொலை வழக்கில் 2014இல் உள்ளே தள்ளினார்கள். 2024இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது லண்டனில் இருக்கும் ப்ரிவி கவுன்சில். சுதந்திரம் வாங்கி அறுபத்திரண்டு வருடம் கழித்தும் அந்த நாட்டின் கடைசி நீதிமன்றம் லண்டனில்தான் இருக்கிறது என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பாபிலோன் எங்கேயும் போய்விடவில்லை.

இன்றைக்கு நல்ல பாட்டே வரவில்லை என்பவர்களுக்கு ஒரே பெயர்தான் சொல்வேன்: கோஃபி. ஸ்பானிஷ் டவுன் பெண். 2020இல் ரெக்கேக்கான கிராமி விருதை வாங்கியபோது வயது பத்தொன்பது. அந்த விருதைத் தனியாக வாங்கிய முதல் பெண். கேட்டிருக்கிறீர்களா? கேட்காமல்தான் பெருமூச்சா?

*

இதுவரை நான் டான்ஸ்ஹாலுக்கு வக்கீலாக நின்றேன். இனி அப்படி நிற்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது.

1992இல் புஜு பாண்டனின் 'பூம் பை பை' வெளியானது. ஓரினச் சேர்க்கையாளர்களைச் சுட்டுத் தள்ளச் சொல்கிற பாட்டு. அதைப் பதிவு செய்தபோது அவர் பதின்ம வயதுப் பையன். பல நாடுகளில் ஓடியது, ஆடினார்கள். "வரியை விடுப்பா, பீட்டு நல்லாருக்கும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வரியை விட்டுவிடலாமா? 2004 ஜூன் மாதம் ஜமைக்காவில் ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய பிரையன் வில்லியம்சன் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று அங்கே போன ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் ஆய்வாளர் வாசலில் ஒரு கூட்டம் சிரித்துக் கொண்டாடுவதைப் பார்த்தார். கூட்டத்தில் சிலர் பாடிக்கொண்டிருந்தது இந்தப் பாட்டைத்தான்.

2019இல் புஜு பாண்டன் இந்தப் பாட்டைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தார். பாடியவரே கைவிட்டுவிட்டார், ஏக்கக்காரர் விடமாட்டேன் என்கிறார். தொண்ணூறுகளின் பொற்காலத் தொகுப்பில் அது இன்னும் தலைகாட்டுகிறது. இன்றைய பாட்டில் வன்முறை என்று முகம் சுளிப்பவரும், அன்றைய வன்முறையை 'கிளாசிக்' என்று கட்டிக்கொள்பவரும் ஒரே ஆள்தான். வன்முறை பழசாகிவிட்டால் அதற்கு மணம் வந்துவிடுகிறது அவருக்கு.

*

கடைசியாகக் காசு. இதைப் பேசினால் இலக்கிய வாசகர்கள் கொட்டாவி விடுவார்கள், அதனாலேயே பேச வேண்டியிருக்கிறது.

1972இல் வந்த 'தி ஹார்டர் தே கம்' படத்தில் ஜிம்மி கிளிஃப் நடித்த நாயகன் ஒரு அருமையான பாட்டைப் பதிவு செய்வான். தயாரிப்பாளர் இருபது டாலர் நீட்டுவார். பிடிக்கவில்லையா, போய்க்கொண்டே இரு. அது வெறும் கதை இல்லை, அந்தத் தொழிலே அப்படித்தான் நடந்தது. ஜமைக்காவில் 1993 வரை பிரிட்டிஷ்காரனின் 1911ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம்தான். தட்டு யாருடையதோ பாட்டு அவருடையது. வெளிநாட்டுக்காரன் மட்டும் சுரண்டினான் என்று நான் கதைவிடப்போவதில்லை, உள்ளூர் முதலாளியும் நன்றாகவே சுரண்டினார்.

சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்' உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். 1982இல் ஆல்பத்தில் இடம் நிரப்பக் கடைசியாகப் பாடிய பாட்டு. தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலியின் 'ஸ்டாலாக்' ரிட்டிம் மேல் பாடியது. பல்லவியின் பொறியோ 1966இல் டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ் பரிசு வாங்கிய பாட்டிலிருந்து வந்தது. அப்புறம் 'பெல்லி' படத்தில் வந்தது, கான்யே வெஸ்ட் எடுத்துக்கொண்டார், ஜே-ஸீ எடுத்துக்கொண்டார். பாடியவர் நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014இல் டிவியில் ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலே ஓடுவதைக் கேட்டுவிட்டுத்தான் வழக்கறிஞரைத் தேடிப் போனார். பாதி உரிமையும் பத்து வருடத்துப் பாக்கியும் கிடைத்தன. பாட்டுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மீதி இருபத்திரண்டு வருடத்தை ஏக்கக்காரர்கள் இலவசமாக ஆடித் தீர்த்துவிட்டார்கள்.

1989இல் 'ஸ்டீலி அண்ட் க்ளீவி' என்ற இரட்டையர் 'ஃபிஷ் மார்க்கெட்' என்று ஒரு தாளக்கட்டை உருவாக்கினார்கள். அடுத்த வருடம் ஷாபா ராங்க்ஸ் பாடிய 'டெம் போ' அந்தத் தாளத்தைப் பனாமாவுக்கும் பின் போர்ட்டோ ரிக்கோவுக்கும் கொண்டுபோனது. இன்று உலகம் முழுக்க ஸ்பானிஷில் ஓடும் ரெக்கேட்டோனின் முதுகெலும்பு அதுதான். தாளத்தின் பெயரே 'டெம்போ' ஆகிவிட்டது, செய்தவர்களின் பெயர்தான் காணோம். 2021இல் க்ளீவியும், இறந்துபோன ஸ்டீலியின் வாரிசுகளும் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். டாடி யாங்கி, பேட் பனி, லூயிஸ் ஃபோன்சி என்று ஏறக்குறைய அந்த இசையுலகமே பிரதிவாதி. ஆயிரத்துக்கும் அதிகமான பாட்டுகளைப் பெயர் சொல்லி மனுவில் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு தாளத்துக்கு யாராவது உரிமை கொண்டாட முடியுமா, எல்லோரும் எல்லோரிடமும் எடுத்ததுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. கிங்ஸ்டன் தெருவுக்குள் ஒருவருக்கொருவர் மெட்டை மாற்றிக்கொள்வதும், மாடிவீட்டுக்காரன் ஏணி போட்டு இறங்கி அள்ளிக்கொண்டு போவதும் ஒன்றுதானா என்று நான் திருப்பிக் கேட்பேன். 2024 மே மாதம் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்துவிட்டார். பேஸ் எங்கே விழுகிறது, ஸ்னேர் எங்கே விழுகிறது என்று கோட்டு போட்ட வழக்கறிஞர்கள் வரி வரியாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீலி 2009இலேயே போய்விட்டார். அதைப் படித்துப் பார்க்க க்ளீவி மட்டும் இருக்கிறார்.